செடி பட்டு வந்த அரிப்பு: ஸ்டீராய்டு களிம்பா, மாத்திரையா, ஊசியா, எதுவுமே வேண்டாமா?

சித்திரை, வைகாசியில் மாங்காய்ப் பால் பட்டு வாயோரமும் கன்னமும் வெந்துபோய் வருவார்கள். மழை விட்டுப் பார்த்தீனியம் தலையெடுத்ததும் இமையும் கழுத்தும் தடித்து வருவார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு விரல் நுனித் தோல் உரிந்து கிடக்கும். மருந்துக்கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஆயின்மென்ட் போதுமா, மாத்திரை போடணுமா, இல்ல ஒரு ஊசி போட்டுட்டா முடிஞ்சிடுமா?"

ஆயின்மென்ட் லேசு, மாத்திரை நடுத்தரம், ஊசிதான் பலம் என்று ஒரு வரிசை மக்கள் மனதில் இருக்கிறது. டாக்டர் எழுதித் தரும் மூன்றுமே பெரும்பாலும் கார்ட்டிகோஸ்டீராய்டுதான். நம் அட்ரீனல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசாலைப் போலச் செய்யப்பட்டவை. எந்த வழியாக உள்ளே போகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். செடி ஒவ்வாமையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது நாள் கணக்கை. தடிப்பு இருக்கப்போவது இரண்டு மூன்று வாரம். மருந்து இரண்டு நாளில் போய்விட்டால் மீதி நாளுக்கு யார் பொறுப்பு?

டாக்டர் முன்னால் உட்காரும்போது எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று தெரிந்திருக்கத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே மருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

## முதலில், ஸ்டீராய்டு தேவைதானா?

செடி பட்டு வரும் தொல்லை எல்லாம் ஒரே வகை கிடையாது.

செந்தட்டி என்கிற சிறுகாஞ்சொறியின் இலையில் கொட்டும் முடிகள் உண்டு. பட்ட நொடியே சுருக்கென்று எரியும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கும். பூனைக்காலிக் காயின் மேலிருக்கும் பழுப்பு ரோமம் இன்னும் மோசம். அதிலுள்ள நொதி நரம்பையே நேரடியாகத் தூண்டி நமைச்சலைக் கொடுக்கிறது, அதனால் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டாலும் பெரிதாகக் கேட்காது. செலோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி உரித்தால் ரோமம் கூடவே வந்துவிடும். தேய்த்துக் கழுவினால் இன்னும் உள்ளே இறங்கும்.

கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் தோலை வேக வைப்பவை. யாருக்குப் பட்டாலும் வேகும், அதற்கு அலர்ஜி இருக்க வேண்டும் என்றில்லை. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் முதல் மருந்து. ஸ்டீராய்டுக்கு இங்கே சின்ன வேலைதான்.

மூன்றாவது வகைதான் அசல் ஒவ்வாமை. மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் தொட்டுவிட்டு வீடியோ காலில் காட்டுகிறார்களே, பாய்சன் ஐவி, அதுவும் இதே குடும்பம்தான். இவற்றின் பாலிலும் எண்ணெயிலும் இருக்கும் பொருள்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. ஐவி ஒத்துக்கொள்ளாத ஒருவர் ஊருக்கு வந்து மாம்பழத்தைத் தோலோடு கடித்தால் உதடு தடிக்கலாம். அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் துணியில் குறி போடச் சேராங்கொட்டைச் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் குறி கழுத்தில் படுகிற இடத்தில் மட்டும் தடிப்பு வந்தவர்கள் உண்டு.

இந்த மூன்றாவது வகையின் அடையாளம் தாமதம். காலையில் மாங்காய் பறித்தால் சாயங்காலம் ஒன்றும் தெரியாது. மறுநாளோ மூன்றாம் நாளோதான் சிவந்து, நமைந்து, கொப்புளம் கிளம்பும். அதனால்தான் பலர் முந்தின நாள் சாப்பிட்ட கத்திரிக்காய் மேலும் கருவாட்டின் மேலும் பழியைப் போடுகிறார்கள். கொப்புளத்து நீர் பட்ட இடமெல்லாம் பரவும் என்பதும் தவறு. பால் அதிகம் பட்ட இடம் முதலிலும், குறைவாகப் பட்ட இடம் இரண்டு நாள் தள்ளியும் தடிக்கிறது, பார்ப்பவருக்குப் பரவுவது போலத் தெரிகிறது.

கார்ட்டிகோஸ்டீராய்டு நன்றாக வேலை செய்வது இந்த மூன்றாவது வகையில்தான். இனி எழுதுவதெல்லாம் அதைப் பற்றியே.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். செடி பட்ட அல்லது எதையோ சாப்பிட்ட சில நிமிடங்களில் நாக்கும் தொண்டையும் வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் அது வேறு அவசரம். அதற்கு அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும், ஸ்டீராய்டு வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

எவ்வளவு இடம்? உங்கள் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, உங்கள் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1%. தடிப்பு எத்தனை உள்ளங்கை அளவு என்று எண்ணிப் பாருங்கள். 20-ஐத் தாண்டினால் மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம் என்பது தோல் மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை.

எந்த இடம்? எல்லாத் தோலும் மருந்தை ஒரே மாதிரி உறிஞ்சாது. ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தபோது, முன்கை உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் நெற்றி 6, விதைப்பை 42, உள்ளங்கால் வெறும் 0.14 என்று வந்தது. காலுக்கு எழுதிக் கொடுத்த ட்யூபை முகத்துக்கும் தொடை இடுக்குக்கும் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எத்தனை நாள்? ஒரே ஒரு தடவை பட்டது என்றால் இரண்டு முதல் மூன்று வாரம்.

உடம்பில் வேறென்ன இருக்கிறது? சுகர், பி.பி., வயிற்றுப்புண், கண் அழுத்தம், பழைய காசநோய், கர்ப்பம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை இவை.

செடி மறுபடி படுமா? வருஷத்தில் ஒரு நாள் மாந்தோப்புக்குப் போகிறவருக்கும், தினமும் கொட்டை உடைக்கிறவருக்கும், வரப்பெல்லாம் பார்த்தீனியம் நிற்கும் விவசாயிக்கும் பதில் ஒன்றாக இருக்க முடியாது.

## ஸ்டீராய்டு களிம்பு

தடிப்பு கொஞ்ச இடத்தில் இருந்தால் இதுதான் முதல் தேர்வு. மருந்து பெரும்பாலும் வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும், பொதுவாகச் சுகரை ஏற்றாது, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம்.

களிம்பிலேயே பலத்துக்குப் படிகள் உண்டு. 1% ஹைட்ரோகார்ட்டிசோன் மிக லேசு. மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன் நடுவிலிருந்து மேலே. 0.05% க்ளோபெட்டசால்தான் உச்சம். மாங்காய்ப் பாலோ முந்திரி எண்ணெயோ பட்டுக் கையில் கொப்புளம் கிளம்பியிருந்தால் லேசான களிம்பு காணவே காணாது. கை, கால் தோலுக்குப் பலமான களிம்பைத்தான் எழுதுவார்கள். முகம், இமை, இடுக்குகளுக்கு லேசானதை, அதுவும் சில நாளுக்கு மட்டும் தருவார்கள்.

எவ்வளவு போடுவது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ட்யூபை அழுத்தி, பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை இடத்துக்குப் போதும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மேலே சொன்ன 20 உள்ளங்கைக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு வேளைக்கு 5 கிராம், இரண்டு வேளைக்கு 10, ஒரு வாரத்துக்கு 70 கிராம். க்ளோபெட்டசாலுக்கு வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. 20 உள்ளங்கை என்ற எல்லை ஏன் அங்கே நிற்கிறது என்பது இப்போது புரியும். அந்த அளவுக்கு வருமுன்பே களிம்பு வரம்பை மீறிவிடும், மாத்திரையைவிடச் செலவும் கூடும். 15 கிராம் ட்யூப் ஒன்றை வாங்கி உடம்பெல்லாம் பூசி ஒரு வாரம் ஓட்டியவர், "இந்த மருந்து கேக்கல" என்று வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்து மேல் குற்றமில்லை, போட்ட அளவு காணாது.

இன்னொரு விஷயம், கொப்புளம் உடைந்து நீர் வழிகிற நிலையில் களிம்பு அதிகம் ஒட்டாது. முதலில் ஈரத்துணி ஒத்தடம், இல்லையென்றால் இளம் ரோஸ் நிறத்துக்குக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் நனைத்த துணி. பெர்மாங்கனேட் படிகம் முழுக்கக் கரைந்திருக்க வேண்டும், கரையாத துகள் பட்டால் அதுவே சுடும். நீர் வற்றிய பிறகு களிம்பு.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், நம் ஊரில் அது கூட்டுக் களிம்பில் இருக்கிறது. க்ளோபெட்டசாலோடு பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் இரண்டையும் கலந்து "எல்லாத்துக்கும் ஒரே ட்யூப்" என்று வரும் சரக்கு. செடி அலர்ஜிக்கு அதிலுள்ள மற்ற இரண்டுக்கும் வேலையே இல்லை. அதில் நியோமைசின் இருந்தால் அதுவே பலருக்கு ஒவ்வாத பொருள், தடிப்புக்குப் போட்ட மருந்தே புதுத் தடிப்பைக் கிளப்பும். தடிப்பு ஆறிய பின்னும் மீதி ட்யூப் வீட்டில் கிடக்கும். படர்தாமரைக்கு ஒருவர், முகம் வெளுக்க இன்னொருவர் என்று கை மாறும். படர்தாமரை அடையாளமே தெரியாமல் உருமாறிப் பரவும். முகத்தில் தோல் மெலிந்து, ரத்த நாளம் கோடாகத் தெரிந்து, பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். தோல் மருத்துவர்கள் ரொம்ப நாளாகச் சத்தம் போட்ட பிறகு 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது. என் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அதை மதிக்கிறோமா என்று கேட்டால், மதிப்பதில்லை.

## ஸ்டீராய்டு மாத்திரை

தடிப்பு 20 உள்ளங்கையைத் தாண்டினாலும், முகம் வீங்கி இமை திறக்க முடியாமல் போனாலும், பிறப்புறுப்பில் கடுமையாக இருந்தாலும், இரு கையும் கொப்புளமாகி வேலைக்கே போக முடியாவிட்டாலும் மாத்திரைதான் சரி. ப்ரெட்னிசோலோன் என்ற பெயரில் தருவார்கள். விலை மிகக் குறைவு, பெரிய களிம்பு ட்யூபைவிட மலிவாகக்கூட இருக்கும்.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு அரை முதல் 1 மி.கி. வரை என்பது வழக்கம். 60 கிலோ உள்ளவருக்கு 30 மி.கி. என்று தொடங்கினால், 5 மி.கி. மாத்திரையில் காலையில் ஆறு. சீட்டில் "6 மாத்திரை 5 நாள், 4 மாத்திரை 5 நாள், 2 மாத்திரை 5 நாள்" என்கிற மாதிரி இருக்கும். இதைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். "ஒரே நேரத்துல ஆறா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தினம் ஒன்று என்று ஆரம்பிப்பார்கள். அந்த அளவில் தடிப்பு அடங்காது, பக்கவிளைவுக்கான பயம் மட்டும் மிஞ்சும். சிலர் நேர்மாறு. மூன்றாம் நாளே அரிப்பு நின்றதும் மீதியை அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஏழாம் எட்டாம் நாள் தடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும்.

இந்தத் திரும்புதல்தான் மாத்திரை வைத்தியத்தின் பெரிய ஓட்டை. அமெரிக்காவில் பாய்சன் ஐவிக்கு 5 நாள் மாத்திரையையும், அதே 5 நாளோடு பத்து நாள் குறைத்துக் குறைத்து நிறுத்திய 15 நாள் மாத்திரையையும் ஒப்பிட்ட ஒரு சிறிய ஆய்வில், 5 நாளோடு விடப்பட்டவர்களே அதிகம் வேறு மருந்து தேடினார்கள். எனவே டாக்டர் 5 நாளுக்கு மட்டும் எழுதியிருந்தால், "இது போதுமா சார், திரும்ப வருமா?" என்று கேட்பதில் தப்பில்லை. மூன்று வாரத்துக்குள் முடிகிற வைத்தியத்தில் நம் அட்ரீனல் சுரப்பி பொதுவாகத் தூங்கிப் போவதில்லை. படிப்படியாகக் குறைப்பது இங்கே முக்கியமாகத் தடிப்பு திரும்பாமல் இருக்கத்தான்.

சுகர் உள்ளவர்களுக்கு ஒரு நுணுக்கம். காலையில் போடும் ப்ரெட்னிசோலோன் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை சுகரை ஏற்றி, விடியும்போது இறக்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு "நார்மலா இருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தூக்கமின்மை, பசி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் முதல் வாரத்திலேயே வரலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாகப் போட்டால் தூக்கம் அவ்வளவு கெடாது. பழைய காசநோய், மலம் கறுப்பாகப் போகிற அளவுக்கு வயிற்றுப்புண், கண் அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடப் போடக்கூடாது. அரிதாக இடுப்பு மூட்டு எலும்பு ரத்த ஓட்டமில்லாமல் சிதைவதும் உண்டு. அளவும் நாளும் கூடக்கூட அந்த ஆபத்து கூடும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது அது தங்கத்தைவிட அரிது, மாட்டுப் பித்தநீரிலிருந்து பல படிகளில் செய்ய வேண்டியிருந்தது. அது மலிவானதற்கு ஒரு காரணம் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு. ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் அதிலிருந்து புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோனைச் செய்யக் கற்றுக் கொடுத்தார், பின்னர் 1952-ல் அப்ஜான் நிறுவனத்தார் ஒரு பூஞ்சையை வைத்து அதைக் கார்ட்டிசோனை நோக்கி மாற்றினார்கள். செடி கொடுத்த அரிப்புக்குக் கிழங்கு கொடுத்த மருந்து. முள்ளை முள்ளால் எடுப்பது இதுதான்.

## ஊசி

நம் ஊரில் எல்லோரும் கேட்டு வாங்குவது இதைத்தான். "ஊசி" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு மருந்துகள் உலவுகின்றன.

முதலாவது, ஏவிலும் டெக்சாவும். சின்னக் கிளினிக்கில் அரிப்பு என்று போய் உட்கார்ந்தால் அநேகமாக இதுதான். ஏவில் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து. டெக்சா என்பது டெக்சாமெத்தசோன், பலமான ஸ்டீராய்டு. 2 மி.லி. டெக்சாவில் 8 மி.கி. இருக்கும், அது ஏறக்குறைய 50 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். ராத்திரியே அரிப்பு நின்று நன்றாகத் தூங்குவார்கள், டாக்டருக்குக் கைராசி என்று பேர் வரும். ஆனால் டெக்சாவின் வேலை ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நாள். தடிப்புக்கோ இன்னும் இரண்டு வாரம் பாக்கி. மூன்றாம் நாள் மறுபடி ஊசி, ஆறாம் நாள் இன்னொன்று. கூட்டிப் பார்த்தால் மாத்திரையாக எடுத்திருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதி ஸ்டீராய்டு ஏறியிருக்கும், அதுவும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நடுவில் களிம்பும் இருந்தால் மொத்தம் எவ்வளவு என்று யாருக்குமே தெரியாது. வாந்தியால் மாத்திரை தங்காதவருக்கும், முகம் வீங்கி உடனே அடக்க வேண்டியவருக்கும் முதல் ஊசியாக இது நியாயம். அதற்குப் பின்னால் மாத்திரை தொடர வேண்டும்.

இரண்டாவது டெப்போ ஊசி, ட்ரையம்சினோலோன் 40 மி.கி. தசையில் போட்டால் மூன்று நான்கு வாரம் மெதுவாகக் கசியும். நாள் கணக்கில் பார்த்தால் செடி ஒவ்வாமைக்கு இது அழகாகப் பொருந்துகிறது. தினமும் மாத்திரை எண்ண வேண்டாம், நடுவில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். மலைத் தோட்டத்தில் தங்கி வேலை செய்பவர், மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார் என்று டாக்டருக்கே தெரிந்தவர், இவர்களுக்கு ஒரே ஒரு தடவை என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

சங்கடம் என்னவென்றால், போட்டதை எடுக்க முடியாது. மாத்திரையில் சுகர் 350-ஐத் தொட்டால் மறுநாள் அளவைக் குறைக்கலாம். ஊசியில் அது கரைந்து தீரும்வரை சுகரோடு மல்லுக்கட்ட வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது, நடுவில் படுவது உண்டு. ஊசி ஆழமாகப் போகாவிட்டால் போட்ட இடம் குழிந்து வெளுத்துவிடும், அது மாறப் பல மாதம் ஆகும். பார்த்தீனியக்காரர்கள் இதில் மாட்டிக்கொள்வதுதான் ரொம்ப மோசம். மாதம் ஒரு ஊசி என்று ஆரம்பித்து, வருஷக்கணக்கில் போட்டு, முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, அப்புறம் ஊசி இல்லாமல் நிமிர முடியாமல் ஆகிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், சுகர் உள்ளவருக்கு டெப்போ ஊசி வேண்டவே வேண்டாம்.

## ஸ்டீராய்டு இல்லாமல்

ஐந்தாறு உள்ளங்கைக்குள், முகம் இல்லாமல், தூக்கம் கெடாத அளவு அரிப்பு என்றால் கேலமைன் லோஷன், குளிர்ந்த ஒத்தடம், பொறுமை மூன்றும் போதும். செட்டிரிசின் இந்தத் தடிப்பை ஆற்றாது. இதில் அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் அந்த மாத்திரை தடுக்கும் ஹிஸ்டமின் அல்ல. தூக்கம் தரும் பழைய மாத்திரைகள் ராத்திரி சொறியாமல் தூங்க உதவும், அவ்வளவுதான், அடுத்த நாள் வண்டி ஓட்டாதீர்கள். நாட்டுப் பொடி வாங்கி உள்ளுக்குச் சாப்பிட்டு இரண்டே நாளில் மாயமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரிய வந்திருக்கிறது.

செடி பட்ட பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லா மருந்தையும்விட மேல். நகக்கண், அரிவாள் பிடி, துணி, செருப்பு வார் எல்லாவற்றையும் சேர்த்து. பால் காய்ந்த சட்டையை மறுபடி போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

| | களிம்பு | மாத்திரை | டெக்சா ஊசி | டெப்போ ஊசி | ஸ்டீராய்டு இல்லாமல் |
|---|---|---|---|---|---|
| தடிப்பின் அளவு | 20 உள்ளங்கைக்குள் | அதற்கு மேல், அல்லது முகம், பிறப்புறுப்பு | அவசரத்துக்கு முதல் நாள் | மாத்திரைக்கு உரிய அளவுதான் | 5, 6 உள்ளங்கைக்குள் |
| எத்தனை நாள் தாங்கும் | போடும் வரை | 2–3 வாரம் திட்டமிடலாம் | 2–3 நாள் | 3–4 வாரம் | தானாக ஆறும் வரை |
| நடுவில் நிறுத்த முடியுமா | முடியும் | முடியும், ஆனால் தடிப்பு திரும்பலாம் | அதுவே தீர்ந்துவிடும் | முடியாது | முடியும் |
| சுகர் உள்ளவருக்கு | நல்லது | கண்காணிப்போடு | கவனம் | தவிர்க்க | நல்லது |
| மறைந்திருக்கும் செலவு | மீதி ட்யூப், கூட்டுக் களிம்பு | தூக்கம், சுகர், பாதியில் விடுவது | திரும்பத் திரும்ப ஊசி | குழி, மாதவிடாய்க் கோளாறு, பழக்கமாவது | வேலை நாள் இழப்பு |

## கண்ணில் பட்டால்

இந்த ஒப்பீடு எதுவும் கண்ணுக்குப் பொருந்தாது. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் வலி குறைவாகவே இருந்து பார்வை மட்டும் மங்கலாம், கருவிழியில் நீர் கோத்துக்கொள்கிறது. கண் டாக்டர் அதற்கு ஸ்டீராய்டு சொட்டு எழுதக்கூடும், எழுதினால் போடுங்கள். ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய சொட்டையோ, கடையில் கேட்டு வாங்கிய சொட்டையோ போடாதீர்கள். நெல் தாள், கரும்புத் தோகை, குச்சி கீறிய கண்ணில் பூஞ்சை வளர்வது தென்னிந்தியாவில் மிகச் சாதாரணம். அதன்மேல் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் சிவப்பு குறைந்து நல்லதாகத் தெரியும், உள்ளே பூஞ்சை கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும். பால் பட்டதும் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரி.

## தினமும் செடியோடு இருப்பவர்களுக்கு

பண்ருட்டிப் பக்கம் வீட்டிலேயே கொட்டை உடைக்கும் பெண்களுக்கு மருந்தைவிடக் கைக்குப் போடுவதுதான் முக்கியம். சாம்பலும் எண்ணெயும் தடவிக்கொள்வது பழைய வழக்கம், ஓரளவுக்குத் தடுக்கும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை இன்னும் நல்லது. உடைக்கும் வேகம் குறைகிறது, கூலி கிலோக் கணக்கில் என்பதால் கழற்றிவிடுகிறார்கள் என்பதும் தெரியும். அவர்களுக்குப் பலமான களிம்பைச் சில நாள் போட்டு ஆற்றிவிட்டு, மறுபடி கிளம்பும்போது மட்டும் போடுவது என்று டாக்டரோடு பேசி வைத்துக்கொள்ளலாம். மாத்திரையையும் ஊசியையும் வழக்கமாக்குவது சரிவராது.

பார்த்தீனியத்தில் கதை இன்னும் சிக்கல். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி இன்று ரயில் பாதை ஓரம் முழுக்க. அதன் துகளும் காய்ந்த சருகும் காற்றிலேயே வருவதால் தொட வேண்டிய அவசியமே இல்லை. மேல் இமை, கழுத்து மடிப்பு, முழங்கை உட்புறம் என்று காற்று படும் இடமும் மடிப்புமாகத் தடிக்கும். வருஷங்கள் போகப்போக வெயில் பட்டாலே தடிக்கிற நிலைக்குச் சிலர் வருகிறார்கள். சாமந்தியும் இதே குடும்பத்துச் செடி என்பதால் பூக் கட்டுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்து தொல்லை கொடுக்கலாம்.

இவர்களுக்கு மேலே சொன்ன எந்த ஸ்டீராய்டும் தனியாக விடை இல்லை. மூன்று வாரத் தடிப்புக்கு மூன்று வார மருந்து சரி. எட்டு மாதம் பூக்கும் செடிக்கு எட்டு மாதம் ப்ரெட்னிசோலோன் போட முடியாது. கிளம்பும்போது அடக்க மாத்திரையைக் கொஞ்ச நாள் கொடுத்துவிட்டு, அதன் நிழலில் வேறு மருந்தை ஆரம்பிப்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோப்ரின் அதில் முக்கியம். டெல்லி எய்ம்ஸ் தோல் மருத்துவர்கள் அதை வாரத்துக்கு ஒரு முறை 300 மி.கி. என்று கொடுத்துப் பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் கொடுக்கிறார்கள், அதுவும் வாரத்துக்கு ஒரு முறைதான். தெரியாமல் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு, அதனால் கிழமையைச் சீட்டில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுமே மெதுவாகத்தான் பிடிக்கும், ஒரு மாதத்தில் கேட்கவில்லை என்று விட்டுவிடக்கூடாது. ரத்த அணுக்களும் கல்லீரலும் சரியாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். மாத்திரை விலையோடு அந்தச் செலவையும் கணக்கில் எடுங்கள்.

அதற்கு முன்னால் எந்தச் செடி என்று உறுதி செய்யப் பேட்ச் டெஸ்ட் உண்டு. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் செய்கிறார்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அதற்குப் பிறகும் ஒரு தடவை வரச் சொல்வார்கள். இந்தியப் பரிசோதனைத் தொகுப்பில் பார்த்தீனியமும் இருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையோ டெப்போ ஊசியோ உடம்பில் இருக்கும்போது பரிசோதனை பொய்யாக "இல்லை" என்று காட்டலாம், முதுகில் களிம்பு போட்டிருந்தாலும் அப்படித்தான். அதனால் கடைசியாக என்ன ஊசி, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதை எழுதி எடுத்துப் போங்கள். கிளினிக்கில் சீட்டில்லாமல் போட்ட ஊசி என்றால், திரும்பிப் போய் மருந்தின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.